வாழைப்பழ வாசம்

கணவனின் கட்டைவிரல் நகத்தில் ஒட்டியிருந்த நீலப் பெயின்ட், தின்னரில் நனைத்த பஞ்சுக்கும் மசியவில்லை. அவள் இன்னும் கொஞ்சம் ஊற்றித் தேய்த்தாள். அறை முழுக்க வாழைப்பழ வாசம். மணக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது, பொல்லாத சரக்கு அது. அதன் ஆவி தரையோடு தவழ்ந்துபோய் எங்கோ இருக்கும் நெருப்பைப் பிடித்துக்கொண்டு வரும் என்று அவன்தான் சொல்லிக்கொடுத்திருந்தான். அதனால் தலைமாட்டு மெழுகுவர்த்தியை முதலிலேயே அணைத்திருந்தாள். அமரர் ஊர்தி வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பட்டறை மேற்பார்வையாளர் மூக்கைச் சுளித்தார்.

"நுரையீரல் இப்படிப் போகும்னு யாருக்கும்மா தெரியும்? மாஸ்க்ல ஒரு குறையும் இல்ல. வருஷா வருஷம் டெஸ்ட்ல உங்க வீட்டுக்காரர்தான் முதல் ஆளா பாஸ்."

அந்த டெஸ்ட் அவளுக்கும் தெரியும். மாஸ்க்கைப் போட்டு, தலைமேல் ஒரு பையைக் கவிழ்த்து, உள்ளே இதே வாசத்தை விடுவார்கள். வாசம் வந்தால் மாஸ்க்கில் ஓட்டை. வராவிட்டால் பாஸ். அவனுக்குத்தான் இரண்டு வருஷமாக எந்த வாசமுமே தெரியாதே! பால் பொங்கிக் கருகினாலும் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிப்பான். "இது மூக்கா, ஒட்டவெச்ச பொம்மை மூக்கா?" என்று கிண்டல் வேறு செய்தாள், பாவி. "வெளிய சொல்லிடாத. ஸ்ப்ரே வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க" என்றான். அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

"அவர் இடத்துல உங்க கொழுந்தனைப் போட்டிருக்கோம். பன்னெண்டு வருஷமா பெயின்ட் அடிக்கிறவர்தானே. போன வாரம் டெஸ்ட்டும் பாஸ்." சொல்லிவிட்டு அவர் வெளியே போய் நின்றார்.

கொழுந்தன் உள்ளே வந்தான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"என்ன அண்ணி, அணைஞ்சு கிடக்கு?"

மெழுகுவர்த்திப் பக்கம் குனிந்து, சட்டைப்பையிலிருந்து லைட்டரை எடுத்தான். அவள் பாய்ந்து அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். மூடி திறந்த தின்னர் பாட்டில் அவன் முழங்காலை ஒட்டி இருந்தது.

"வாசம் வரலையா உனக்கு?"

"என்ன வாசம்?"

அவள் பாட்டிலைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். லைட்டரை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

"அண்ணி, சார்கிட்ட சொல்லிடாதீங்க."

அவன் அண்ணனின் குரல் அப்படியே இருந்தது.

பாட்டிலின் மூடியை இறுகத் திருகினாள். கணவனின் கையை எடுத்து அவன் மார்மேல் வைத்தாள். நகத்தில் நீலம் இன்னும் மிச்சமிருந்தது.

"சார், ஒரு நிமிஷம் உள்ள வாங்க."

வாசலில் அவர் மறுபடி செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.