இத்தாலிக்காரியின் பிரேக் பெடல்

இரண்டு கால்கள் மட்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, உடம்பு முழுக்க இத்தாலிக்காரியின் ஸ்டியரிங்குக்கு அடியில் கிடக்கிறது, அக்காவும் இப்படித்தான் கிடந்தாள், கொலுசைக் கழற்றி என் சட்டைப்பையில் போட்டுவிட்டு, புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, டேய் அந்த ஸ்குருவ எடுத்துக் குடுடா என்று கையை நீட்டுகிறாள், எனக்கு இருபது வயசு, இல்லை, இருபத்தொன்று, இப்போது எழுபத்தெட்டு, இந்தக் கால்கள் அக்காவுடையவை அல்ல, கறுப்பு ஷூ போட்ட பெஞ்சமினுடையவை, பழைய கார்களை ஏலம் விடும் சென்னைக் கம்பெனியிலிருந்து காலையில் வந்தவர், சார், கிளட்ச்லயும் பிரேக்லயும் ரப்பர் துண்டு வெச்சு ஸ்குரு அடிச்சிருக்காங்க, இது ஒரிஜினல் இல்லையே, யார் செஞ்ச வேலை சார் என்று உள்ளேயிருந்து கேட்கிறார், நான் காதில் விழாததுபோல் நிற்கிறேன், காது மந்தம் இந்த வயசில் ரொம்பச் சௌகரியம்.

பெஞ்சமினின் ஃபைலில் இத்தாலிக்காரிக்கு ஜாதகமே இருக்கிறது, உலகத்தில் மொத்தம் பதினேழுதான் செய்தார்களாம், கூரை கிடையாது, இரண்டே இருக்கை, முதலில் கப்பலில் வரவழைத்தவர் ஒரு சமஸ்தானத்து ராஜா, அடுத்து ஒரு சினிமாக் கதாநாயகர், அவர் வைத்திருந்த நாளில் ஜனங்கள் இவளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களாம், மூன்றாவதாகக் கோயமுத்தூரில் மில் நடத்திய என் அப்பா, இத்தாலிக்காரி என்று பேர் வைத்தது அம்மா, சக்களத்திய மொட்டையாக் கூப்புடறதா, ஒரு பேரு வேண்டாமா என்பாள், அப்பாவுக்கு இரண்டாவது கியருக்குமேல் பயம், எனக்கு முதல் கியரே பயம், அப்பா என்னைத் தண்டச்சோறு என்று கூப்பிட்டதில் தப்பே இல்லை, அவளை ஓட்டத் தெரிந்தது அக்கா மனோரஞ்சிதத்துக்கு மட்டும்தான், கழுவுவதற்காக ஷெட்டிலிருந்து எடுக்கிறேன் என்று ஆரம்பித்தவள் அப்பா மில்லுக்குப் போன நேரமாகப் பார்த்து மருதமலை அடிவாரம் வரை போய்வருவாள், ஆனால் நாலே முக்கால் அடி உடம்பு, கால் எட்டாது, தோட்டக்காரரின் பழைய டயர் செருப்பைக் கேட்டு வாங்கி அறுத்து இரண்டு பெடலிலும் பூட்டிக்கொண்டாள்.

சென்னைக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் என்று நோட்டீஸ் வந்தது, பொட்டப்புள்ள காரோட்டறதா, ஊரே சிரிக்கும் என்றார் அப்பா, அதோடு பேச்சு முடிந்தது, அக்கா என் பேரில் மனு எழுதினாள், நீ கையெழுத்து மட்டும் போடு, கோப்பையக் கொண்டாந்து அப்பா முன்னாடி வெச்சுட்டு நாந்தேன்னு சொல்லிக்கறேன் என்றாள், பையன் அப்படியாவது உருப்படட்டும் என்று அப்பா சாவியை என்னிடம் கொடுத்தார், பந்தயத்தை நான் பார்க்கவே இல்லை, தகரக் கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன், என் உடுப்புக்குள், என் ஹெல்மெட்டுக்குள், கண்ணாடியும் தூசிக்குக் கட்டிய கைக்குட்டையுமாக அக்கா போகிறாள், எனக்குச் சத்தம் மட்டும் கேட்கிறது, இப்போதும் சத்தம் மட்டும்தான் கேட்கிறது, முடிந்ததும் நேராகக் கொட்டகைக்குப் பின்னால் வந்து குதிக்கிறாள், மொதல்லடா, நாந்தேன் மொதல்ல வந்தேன்டா என்று என் தோளில் அடிக்கிறாள், உடுப்பை மாற்றி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, முட்டி ஸ்டியரிங்கில் இடிக்க இடிக்க, முதல் கியரில் மேடைவரை நான் ஓட்டிப்போனால் அங்கே அப்பா நிற்கிறார், வருவதாக யாரிடமும் சொல்லவில்லை, வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார், என்ர பையனுங்க, பாருங்க, என்ர பையன் என்று முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் சொன்னார், எனக்கு நினைவு தெரிந்து அவர் என்னைத் தொட்டதே அன்றுதான், அவர் தோளுக்குமேலே அக்கா தெரிந்தாள், வெயிலில் நின்று ஜடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள், நான் உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், அவள்தான் தலையசைத்து வேண்டாமென்றாள் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிவந்தேன், நான் வாயெடுக்கவில்லை.

இத்தாலிக்காரியை அப்பா எனக்கே எழுதிக்கொடுத்தார், அக்காவை உடுமலைப்பேட்டையில் கட்டிக்கொடுத்தார், பிரசவத்துக்கு வந்தவள் ஒரு மத்தியானம் ஷெட்டுக்குப் போய் அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தாள், ஊருக்கெல்லாம் வேண்டாம்டா கண்ணு, அப்பாகிட்ட ஒருக்காச் சொல்லிப்போடு, நாந்தேன்னு தெரிஞ்சாப் போதும் என்றாள், ஆடி போகட்டும் என்றேன், தீபாவளி போகட்டும் என்றேன், தை மாசம் அப்பா போய்விட்டார், அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை, புகுந்த வீட்டில் கடைசிவரை ஒரு மொபெட்டைக்கூடத் தொடாமல் போன மாசியில் செத்துப்போனாள், நான் அழுததைப் பார்த்து எப்படிப்பட்ட பாசம் என்றார்கள்.

பெஞ்சமின் வெளியே வந்து முட்டியைத் தட்டிக்கொள்கிறார், என்னை மேலும் கீழும் பார்க்கிறார், நீங்க ஆறடி இருப்பீங்களே சார், இந்தப் பெடலை வெச்சுக்கிட்டு எப்படி ரேஸ் ஓட்டினீங்க, முட்டி இடிக்குமே என்கிறார், இடிச்சுதுங்க என்கிறேன், அப்புறம், ஓட்டுனது எங்கக்காங்க, ஐம்பத்தேழு வருஷம் வராத வார்த்தை எச்சில் விழுங்குவதற்குள் வந்துவிட்டது, அவர் சிரிக்கவில்லை, என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் தானும் உட்கார்ந்து தணிந்த குரலில் கேட்கிறார், அதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா சார், ஒரு போட்டோ, ஒரு லெட்டர், பார்த்தவங்க யாராச்சும், நான் ஃபைலைப் பார்க்கிறேன், மனுவில் என் கையெழுத்து, பத்திரிகையில் மாலையோடு நான், கோப்பையில் என் பேர், அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் எழுதிய கடிதங்கள், என் பொய்க்கு ஒரு காகிதம்கூடக் குறையில்லை, அக்காவுக்கு ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது, அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டவன் நானேதான், அந்த ரப்பர் துண்டு பேசாதுங்களா என்கிறேன், அதுல பேர் இல்லையே சார், கம்பெனி ஒத்துக்காது, ஒண்ணு உங்க பேரே இருக்கட்டும், இல்லேன்னா அந்த ரேஸையே எடுத்துடலாம், நீங்க சொல்லுங்க என்கிறார்.

ஒன்று நான் ஜெயித்தவனாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவள் ஜெயிக்காதவளாக வேண்டும், அக்கா, என்ன செய்யட்டும் என்று கேட்க உடுமலைப்பேட்டையில் யாரும் இல்லை, அடிச்சிருங்க என்கிறேன், அவர் பேனாவை எடுத்து ஃபைலில் பந்தயத்தைச் சொல்லும் மூன்று வரிகளின்மேல் கோடு இழுக்கிறார், திருடியதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லாமல் உடைத்துப் போட்டவன் ஆனேன், பெஞ்சமின் மறுபடியும் ஸ்டியரிங்குக்கு அடியில் போகிறார், ரப்பரைக் கழற்ற வேண்டுமாம், கால்கள் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன, என் மடியில் ஃபைல் திறந்து கிடக்கிறது, அதில் ராஜா இருக்கிறார், நடிகர் இருக்கிறார், அப்பா இருக்கிறார், நானும் இருக்கிறேன், அன்றைக்கு அந்த ஓடுதளத்தில் யாரும் முதலில் வரவில்லை.