பிரவுன் எது?

மூக்குக் கண்ணாடி வழுக்கினால் மேலே தள்ளிவிடுவது குற்றம் என்று இறுதிப் போட்டியன்று காலையில்தான் எனக்குத் தெரிந்தது.

போட்டிச் செயலாளரின் அறையில் நாங்கள் நான்கு பேர். மேஜைக்குப் பின்னால் அவர். சுவரோரம் மாப்பிள்ளை. எந்நேரமும் கல்யாணத்துக்குப் புறப்பட்டவர் போல் கோட்டும் பளபளக்கும் ஷூவுமாக வருவதால் ஸ்னூக்கர் ஆடுகிறவர்கள் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போன இரண்டு வருடமும் பட்டம் அவருக்குத்தான். எதிரே, அன்று அவரோடு மோதவிருந்த என் அண்ணனும் நானும்.

"நான் யாரையும் குத்தம் சொல்லலை சார்" என்றார் மாப்பிள்ளை. இப்படித் தொடங்குகிறவர்கள் அடுத்து அதைத்தான் செய்வார்கள். "அரையிறுதியில பாத்தேன். தங்கச்சி முன் வரிசையில உக்காந்திருக்காங்க. இவரு பிரவுன் பந்தைத் தேடும்போதெல்லாம் அவங்க கை கண்ணாடிக்குப் போகுது. அவ்வளவுதான்."

என் அண்ணனுக்குச் சிவப்பும் பிரவுனும் ஒன்றாகத்தான் தெரியும். பிறவியிலேயே அப்படி. ஸ்னூக்கரில் சிவப்புப் பந்துகள்தான் அதிகம். ஒரு சிவப்பு, பிறகு வேறு நிறத்தில் ஒன்று என்று மாற்றி மாற்றிக் குழியில் போட வேண்டும். சிவப்பை அடிக்க வேண்டிய நேரத்தில் பிரவுனை அடித்தால் எதிராளிக்கு நாலு புள்ளி. பிரவுன் தன் இடத்தில் நிற்கும்வரை அண்ணனுக்குத் தொல்லை இல்லை. அது உருண்டுபோய்ச் சிவப்புக் கூட்டத்தில் கலந்துவிட்டால் நடுவரிடம் கேட்கலாம். கேட்டால் நடுவர் சொல்ல வேண்டும். அது விதி. இத்தனை வருடமும் அவன் கேட்டுத்தான் ஆடினான். தக்காளி பழுத்திருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்பதுபோல, கூச்சமில்லாமல் கேட்பான்.

"இன்னொண்ணும் சொல்லணும் சார். கலர் பாக்கிறதே தங்கச்சியோட வேலை."

அது உண்மை. நான் பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். முந்தைய வாரம் பூசிய தகட்டையும் இன்று பூசிய தகட்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்து, நிறம் ஒன்றுதானா என்று பார்ப்பேன். எனக்குச் சோறு போடும் கண்களை அவர் அங்கே குற்றவாளியாக்கி நிறுத்தினார்.

கண்ணாடியின் ஒரு காது தளர்ந்திருக்கிறது, அதனால் வழுக்குகிறது என்று சொல்ல நினைத்தேன். எனக்கு நாலு பேர் உள்ள அறையில் பேச்சு வராது. காது மட்டும் சுடும். கண்ணாடி வேறு அப்போது பார்த்து இறங்கியது. தள்ளிவிடக் கை போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டேன். மாப்பிள்ளை செயலாளரைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"ஆதாரம் இருக்கா?" என்று அண்ணன் கேட்டான்.

"ஆதாரம் எதுக்குப்பா?" என்றார் செயலாளர். "இது விசாரணையா என்ன? ஒரு முன்னெச்சரிக்கை. தங்கச்சி கடைசி வரிசையில, தூணுக்குப் பக்கத்துல உக்காரட்டும். யாருக்கு என்ன நஷ்டம்?"

அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு "சரி" என்றான்.

அறையை விட்டு நடைக்கு வந்ததும் எனக்குப் பேச்சு வந்துவிட்டது. எப்போதும் அப்படித்தான், கதவு சாத்திய பிறகு வரும்.

"ஏன் சரின்னே?"

"வம்பு வேணாம்னுதான். மத்தியானம் ஆட்டம் இருக்கு."

"நான் பின்னாடி போனா என்ன அர்த்தம்? முன்னாடி உக்காந்து தப்பு பண்ணேன்னு அர்த்தம். நீ தோத்தா, தங்கச்சி தூணுக்குப் பின்னாடி போனதும் ஆட்டமும் போச்சும்பாங்க. ஜெயிச்சா, அங்கேருந்தும் ஏதோ பண்ணிட்டாம்பாங்க."

"சொல்றவங்க சொல்லட்டும்."

"உன்னைச் சொல்லலைண்ணா. என்னைச் சொல்றாங்க. உனக்குக் கோப்பை கெடைக்கும். எனக்குத் திருடின்னு பேர் கெடைக்கும்."

அவன் க்யூ கோலின் நுனியில் சாக் கட்டியைத் தேய்த்துக்கொண்டே நின்றான். ஆட்டம் தொடங்க இன்னும் வெகுநேரம் இருந்தது.

மத்தியானம் நான் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கையை மடியில் கோத்து வைத்துக்கொண்டேன். கண்ணாடி மூக்கின் நுனிக்கு வந்து நின்றது. அதற்கு மேலாக எட்டிப் பார்த்தால் எல்லாம் கலங்கல். கீழாகப் பார்க்கத் தலையை அண்ணாந்து வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னையும் கூரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

ஒன்பது ஃப்ரேமில், அதாவது ஒன்பது சுற்று ஆட்டத்தில், ஐந்தை எடுப்பவருக்குப் பட்டம். அண்ணன் நன்றாக ஆடினான். நாலுக்கு மூன்று என்று முன்னால் போனான். இன்னும் ஒன்றுதான்.

எட்டாவது ஃப்ரேமில் மாப்பிள்ளை வேலையைக் காட்டினார். ஒரு சிவப்பைப் போட்டுவிட்டு, அடுத்துப் பிரவுனை எடுத்தார். குழிக்கு அனுப்பவில்லை. மெதுவாக உருட்டி, கோடியில் இருந்த சிவப்புக் கூட்டத்துக்குள் கொண்டுபோய் விட்டார். இதில் தப்பில்லை. ஆட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. நான் கோபப்பட்டது இதற்காக இல்லை.

அண்ணன் நடுவரிடம் போய்த் தாழ்ந்த குரலில் கேட்டான். "பிரவுன் எது சார்?"

நடுவர் காட்டினார். மாப்பிள்ளை கைக்குட்டையை வாய்க்குக் கொடுத்து இருமினார். மூன்றாவது வரிசையில் அவருடைய ஆட்கள். அதில் ஒருவன், "தங்கச்சியக் கேளுப்பா, தூணுக்குப் பின்னாடிதான் இருக்கு!" என்றான்.

அறை சிரித்தது. என்னைத் தெரியாதவர்களும் சிரித்தார்கள். காலையில் நாலு சுவருக்குள் பேசியது மத்தியானத்துக்குள் மூன்றாவது வரிசை வரை வந்திருந்தது. செயலாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணனின் பிடரி சிவந்ததை அவ்வளவு தூரத்திலிருந்தும் பார்த்தேன். அந்த முறை அடித்தான், விழவில்லை. பந்துகள் இடம் மாறின. மறுபடி அவன் முறை வந்தபோது நடுவரிடம் போகவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்காமல் குனிந்தான். அருமையான அடி. பந்து குழியின் ஓரம்கூடப் படாமல் உள்ளே போயிற்று.

"ஃபவுல்" என்றார் நடுவர். "நாலு."

அவன் போட்டது பிரவுன்.

அந்த ஃப்ரேம் போயிற்று. நாலுக்கு நாலு.

கடைசி ஃப்ரேமிலும் மாப்பிள்ளை அதையே செய்தார். ஏன் செய்யமாட்டார்? பலித்த வைத்தியம். மேஜையின் கோடியில் ஐந்து பந்துகள், அதில் ஒன்று பிரவுன். அண்ணன் மேஜையை ஒரு சுற்றுச் சுற்றினான். நின்றான். நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினான். என்னைத்தான். நிறம் கேட்க இல்லை. பயந்தால் அவன் வீட்டு மனிதர்களைத் தேடுவான், அவ்வளவுதான்.

"பாத்தீங்களா சார், பின்னாடி பாக்கிறாரு!" மாப்பிள்ளை நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "நோட் பண்ணுங்க!"

எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பின.

நான் எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. இருக்கைகளுக்கு நடுவே இறங்கி வந்து, முன் வரிசையில் இருந்த செயலாளரின் எதிரே நின்றேன். கண்ணாடியைக் கழற்றி, மடித்து, அவர் கையில் வைத்தேன்.

"இது இல்லாம எனக்கு உங்க முகமே தெரியாது. நீங்களே வச்சிருங்க."

குரல் நடுங்கியது. நடுங்கினாலும் வந்துவிட்டது.

"என்னம்மா இது, ஆட்டத்துக்கு நடுவுல…"

"தூண் போதலை சார். அதான்."

அங்கேயே சுவரோரம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். மேஜை பச்சையாக ஒரு கறை. அதன்மேல் வெள்ளையாக ஆடிய கறை அண்ணனின் சட்டை. பந்து என்று ஒன்றுகூட எனக்கு இல்லை. இனி நடந்ததைக் காதால்தான் பார்த்தேன்.

"நடுவர் சார்." அண்ணனின் குரல், அறை முழுக்கக் கேட்கும்படி. "எனக்குச் சிவப்பும் பிரவுனும் வித்தியாசம் தெரியாது. இது என்ன கலர்?"

"சிவப்பு."

"இது?"

"சிவப்பு."

"அதுக்குப் பின்னாடி இருக்கிறது?"

"பிரவுன்."

யாரோ சிரிக்க ஆரம்பித்தார்கள். யாரும் சேர்ந்துகொள்ளாததால் அது பாதியில் நின்றது.

"சார், இவரு வேணும்னே நேரத்தைக் கடத்தறாரு" என்றது மாப்பிள்ளையின் குரல்.

"கேக்கறது அவரோட உரிமை" என்றார் நடுவர். "நீங்க உக்காருங்க."

"அந்த ஓரத்துல இருக்கிறது, சார்?"

"சிவப்பு."

"கடைசியா, இது?"

"சிவப்பு."

"நன்றி சார்."

க்யூ பந்தைத் தொடும் சத்தம். பந்து பந்தைத் தொடும் சத்தம். குழியின் வலையில் விழும் மெத்தென்ற சத்தம். "ஒன்று" என்றார் நடுவர். பிறகு "எட்டு." பிறகு "ஒன்பது." ஏழு புள்ளிக் கறுப்பைப் போட்டிருக்கிறான், திரும்பச் சிவப்பு. எண் ஏறிக்கொண்டே போயிற்று. நடுவில் ஒருமுறை மறுபடி "இது?" என்று கேட்டான், "சிவப்பு" என்று பதில் வந்தது, அறையில் ஒரு செருமல்கூட இல்லை. பிறகு கைதட்டல் வெடித்தது. யாரோ என் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். தூணுக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் இறங்கி வந்திருக்க வேண்டும்.

கோப்பையைக் கொடுக்குமுன் செயலாளர் மைக்கில் பேசினார். குறையை வென்ற வீரர் என்றார். தன்னம்பிக்கை என்றார். இளைஞர்களுக்குப் பாடம் என்றார். மாப்பிள்ளையின் பெருந்தன்மையைக்கூட ஒரு வரியில் பாராட்டினார். என்ன பெருந்தன்மை என்று சொல்லவில்லை.

பேசி முடித்துவிட்டு என்னிடம் வந்து கண்ணாடியை நீட்டினார். "இந்தாம்மா. சந்தோஷம்தானே?"

நான் கையைப் பின்னாலிருந்து எடுக்கவில்லை.

"காலையில என்னைப் பத்தி ஒரு புகார் வந்துச்சே சார். அது பொய்னு மைக்ல சொல்லுங்க."

"அதான் ஜெயிச்சாச்சே. விடும்மா. நல்ல நாளும் அதுவுமா…"

"மூணாவது வரிசை வரைக்கும் தெரிஞ்சிருக்கு. எல்லாருக்கும் தெரியட்டும்."

அண்ணன் வந்து என் பக்கத்தில் நின்றான். வம்பு வேண்டாம் என்பான் என்று நினைத்தேன். "சொல்லிடுங்க சார்" என்றான். "நான் கோப்பையை அப்புறம் வாங்கிக்கிறேன்."

செயலாளர் மைக்குக்குப் போனார். தொண்டையைக் கனைத்தார். "காலையில் வந்த ஒரு புகாரில் உண்மை இல்லை என்று தெரிவித்துக்கொள்கிறோம்" என்றார் அவசரமாக. இறங்கி வந்து மறுபடி கண்ணாடியை நீட்டினார்.

"என்ன புகார்னு சொல்லலையே" என்றேன். "யார் குடுத்தாங்கன்னும் சொல்லலை."

அவர் முகம் எனக்குத் தெரியவில்லை, நல்லவேளை. தெரிந்திருந்தால் நான் பயந்திருப்பேன். ஒரு கோட்டு மட்டும் கதவுப் பக்கம் நகர்வது கலங்கலாகத் தெரிந்தது.

"கொஞ்சம் இருங்க" என்று அண்ணன் அந்தக் கோட்டைப் பார்த்துச் சொன்னான். "உங்க பேரும் வரப்போகுது."

கோட்டு நின்றது. செயலாளர் மூன்றாவது முறையாக மைக்கை நோக்கி நடந்தார்.