வாசலுக்கு வெளியே

மேஸ்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்குப் பக்கத்தில் மருமகள், அவர் வேலை பார்க்கும் கட்டடக் கம்பெனியின் ஆண்டறிக்கையை விரித்து வைத்தாள். பளபளப்பான தாள். அட்டையில் மஞ்சள் தலைக்கவசத்தோடு மேஸ்திரியே சிரித்துக்கொண்டிருந்தார்.

“படிக்கிறேன், கேளுங்க மாமா. லாபம் போன வருஷத்தைவிடப் பதினெட்டு சதவீதம் கூட. நட்ட மரக்கன்னு நாலாயிரத்து முந்நூறு. பட்டுப்போனது பதினாறு. வேலையிடத்தில் உயிரிழப்பு இல்லை.” விரலை அந்த வரியிலேயே வைத்திருந்தாள். “பட்டுப்போன கன்னுக்குக்கூட ஒரு வரி இருக்கு. உங்க மகன் எங்க மாமா?”

“சாப்பிடற எடத்துல என்ன பேச்சு இது?”

மகன் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து எட்டு மாதமாகிறது. அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. மேஸ்திரியே இருபது வருடமாகக் காத்து வந்த வழக்கம். அடிபட்டவனை முதலில் வாசலுக்கு வெளியே கொண்டுபோய்க் கிடத்துவார்கள். அதன்பிறகே ஆம்புலன்ஸுக்குச் சொல்வார்கள். தாளில் சாலை விபத்து என்று ஏறும். பெற்ற மகனையும் அவர் அப்படித்தான் கிடத்தினார்.

“இன்னிக்குக் கம்பெனி விழாவுக்குத் தொழிலாளர் அதிகாரி வர்றாரு. இந்த மனுவுல சாட்சிக் கையெழுத்துப் போடுங்க மாமா. உள்ள விழுந்தாருன்னு இருந்தா போதும். வேற ஒண்ணும் வேணாம்.”

“எனக்குக் கேடயம் குடுக்கிற அன்னிக்கே அவங்க மூஞ்சில காறித் துப்பச் சொல்றியா? இந்த வீட்டு மருமக மனுவும் கையுமா நின்னா நாலு பேரு என்ன பேசுவான்?”

அடுப்பருகே நின்ற மேஸ்திரியின் மனைவி திரும்பினாள். எட்டு மாதமாக இதைப் பற்றி அவள் வாயே திறந்ததில்லை.

“நாலு பேருதானே தூக்கினாங்க? அவங்க பேசட்டும்.” பிறகு கேட்டாள்: “தூக்கறப்ப அவனுக்கு உசுரு இருந்துச்சா?”

மேஸ்திரி தட்டையே பார்த்தார்.

“தண்ணி வேணும்னான்.”

“எங்க வச்சு? வாசலுக்கு உள்ளயா, வெளியயா?”

தெருவில் கம்பெனிக் கார் ஹாரன் அடித்தது. அவர் கை கழுவினார்; இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தே நடந்து போனார்.

கட்டட வளாகத்துக்குள்தான் பந்தல். ‘விபத்தில்லா ஆண்டு’ என்று ஒலிபெருக்கி முழங்க, மேஸ்திரி மேடையேறினார். கேடயத்துக்குக் கை நீட்டியவர் வாசல் பக்கம் சலசலப்புக் கேட்டுத் திரும்பினார். மனைவி, மருமகள், குறுக்கே காவலாளி.

“அம்மா, வெளிய நில்லுங்க. ஆபீசர் போறப்ப குடுத்துக்கலாம்.”

மேஸ்திரியின் மனைவி வாசலைத் தாண்டி நாலடி உள்ளே வந்து, மண்ணில் காலை மடக்கி உட்கார்ந்தாள். மருமகளும் பக்கத்தில் உட்கார்ந்ததும் மாமியார் சொன்னாள்:

“வெளிய போக மாட்டோம் தம்பி. வெளிய கெடந்தா உங்க கணக்குல வர மாட்டோம்.”