ருக்குவின் சேலையை உருவியவள்

1

இந்தக் கதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பக்கத்து வீட்டு ராஜமாணிக்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் வீட்டுக்குள் வந்து நின்று கத்தினார்.

"சார், நடு ரோட்டுல என் பொண்டாட்டி சேலைய உருவிட்டா சார்!"

கையிலிருந்த டீ வேட்டியெல்லாம் சிந்தியது. "யாரு?"

"கூட வேலை பாக்குற பொண்ணு! பொம்பளைக்குப் பொம்பளை இப்படிப் பண்ணுவாளா? சாரா பஜார் தேக் ரஹா தா!"

ராஜமாணிக்கத்துக்குக் கோபம் வந்தால் தமிழ் போதாது, பாதியில் இந்திக்குத் தாவிவிடுவார். பஜாரே வேடிக்கை பார்த்ததாம். அப்படி ஒன்று நடக்கும் என்று யாராவது கதை எழுதியிருந்தால், "கொஞ்சம் ஓவர்" என்று நானே சொல்லியிருப்பேன்.

அது 2012 ஏப்ரல். போர்ட் பிளேரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தரை ஆடியதே, சுனாமி எச்சரிக்கை வந்ததே, அந்தப் புதன்கிழமை. நானும்தான் என் அரசாங்க ஆபீசிலிருந்து டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினேன். அலை வரவே இல்லை. சாயங்காலம் எல்லோரும் அசட்டுச் சிரிப்போடு இறங்கி எங்கள் பேட்டையான ஷாதிபூருக்கு வந்து சேர்ந்தோம். ராஜமாணிக்கம் மட்டும் சிரிக்கவில்லை.

2

தொடக்கங்கள்:

"கடற்கரைச் சாலையில் இருந்த அந்தச் சுற்றுலா கம்பெனியில் பெண் ஊழியர்கள் அனைவரும் சேலை உடுத்த வேண்டும் என்று" [வேண்டாம். சுற்றறிக்கை மாதிரி இருக்கிறது.]

"ஜெயராணிக்குச் சேலை என்றால் பிடிக்காது." [பொய். உருவியவள் இவள்தான், ஆனால் பயம் வேறு, பிடிக்காமல் போவது வேறு.]

"2004 சுனாமியில், நிக்கோபாரின் கச்சால் தீவில் அலை வந்தபோது ஜெயராணிக்குப் பத்தொன்பது வயது." [இதுதான் சரி. ஆனால் இதிலிருந்து ஆரம்பித்தால் நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள். நான் உங்களைப் பதற வைக்க வேண்டும் ஐயா, அழவைக்க அல்ல.]

ஆகவே மேனேஜரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

3

மேனேஜர் ஸ்ரீதர் சென்னையிலிருந்து வந்தவர். வந்த மாதமே உத்தரவு போட்டார். ஆண்கள் டை, பெண்கள் நீலச் சேலை. போர்ட் பிளேர் புழுக்கத்தில் டை! அவரும் கட்டிக்கொண்டுதான் வேர்த்து வழிந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஜெயராணி அவர் மேஜைக்கு முன் போய் நின்றாள். டிக்கெட் பதிகிற கவுன்டரில் அவளுக்கு வேலை. பிழைப்புக்கு வேறு வழி இல்லை.

"சார், நான் சுடிதார்லயே வர்றேன் சார். நீங்க சொல்ற அதே கலர்ல தைச்சுக்கிறேன்."

"ஏம்மா, சேலைல என்ன கஷ்டம்? மெயின்லேண்ட்லேருந்து வர்றவங்களுக்குப் பாத்ததும் ஒரு மரியாதை தோணணும்ல?"

"இல்ல சார்… மத்லப்… அதாவது… எனக்கு அதுல நடக்க வராது சார்."

"பழகிடும்மா. ஒருத்திக்கு ஒரு ரூல் போட முடியுமா?"

அவள் சரி என்று திரும்பிவிட்டாள்.

[இந்த இடத்தில் எனக்கு ஜெயராணி மேல் கோபம் கோபமாக வருகிறது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! "என் அம்மா சேலையோடு அலையில் போனாள்" என்று சொன்னால் எந்த மனிதன் மறுப்பான்? ஆனால் டை கட்டியவர் முன்னால், ஏசி ஓடுகிற அறையில், அதைச் சொல்லிச் சலுகை வாங்க அவளுக்கு மனம் வரவில்லை. கச்சால்காரர்கள் பொதுவாகவே அதைப் பேசுவதில்லை. நாமும் கேட்பதில்லை.]

ஸ்ரீதரை முதல் பிரதியில் முரட்டு மீசை வைத்த ஆளாக எழுதியிருந்தேன். அவர் முரடரா என்று ராஜமாணிக்கத்தின் மனைவி ருக்குவைக் கேட்டபோது, "ஐயோ சார், அவரு அப்படியில்ல. எங்க பர்த்டேக்கு அவரே கேக் வாங்கிட்டு வருவாரு" என்றாள். மீசையை எடுத்துவிட்டேன். கேக் வாங்கித் தருகிற மனிதர்தான் இதையெல்லாம் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் தூக்கிவாரிப் போடுகிறது.

ஜெயராணி சேலை கட்டிப் போனாள், உள்ளே சுடிதார் பேன்ட்டோடு. சேஃப்டி பின் ஒன்றுகூடக் குத்தவில்லை. இடுப்பில் ஒரே ஒரு செருகல், ஒரு இழுப்பில் கழன்று விழுகிற மாதிரி. கச்சாலிலிருந்து வந்த வேறு சில பெண்களும் கல்யாணம் காட்சி என்று கட்டாயம் வந்தால் அப்படித்தான் கட்டுவார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஸ்ரீதர் கண்ணில் அது பட்டது.

"என்னம்மா மூட்டை மாதிரி சுத்திட்டு வந்திருக்க? பின் குத்து. ருக்கு, அவளுக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு."

ருக்கு தன் பின்களையே எடுத்து, தோளில் ஒன்று, மடிப்பில் ஒன்று என்று குத்திவிட்டாள். அக்கறையாகத்தான்.

4

இங்கே ஒரு கட்டுரை வரவேண்டும். சம்பளம் கொடுக்கிறவர் சட்டையையும் தீர்மானிக்கலாமா?

கப்பலில் லைஃப் ஜாக்கெட் போடு என்கிறான், போடுகிறோம். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா வெள்ளை உடுத்தினால்தான் யாரைக் கூப்பிடுவது என்று நமக்குத் தெரிகிறது. சரி. ஆனால் கவுன்டர் பெண் சேலை கட்டினால் டிக்கெட் சீக்கிரம் பதியுமா? கூட்டம் குறையுமா? பார்க்கிற கண்ணுக்காக ஒரு உடம்பைக் கட்டிப்போடுவதற்கு மரியாதை என்று பெயர் வைத்தால்

[நிறுத்து. இது பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும். அங்கே மேட்டுச் சாலையில் ருக்கு நிற்கிறாள்.]

5

தரை ஆடியதும் ஆபீசில் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஜெயராணி யார் முகத்தையும் பார்க்கவில்லை. வெளியே யாரோ, "பாகோ! பானி ஆ ரஹா ஹை!" என்று கத்துவதற்கு முன்பே அவள் வாசலில் இருந்தாள். தண்ணீர் வருகிறது, ஓடு.

சேலையை இழுத்தாள். கழலவில்லை. பின்! பல்லைக் கடித்துக்கொண்டு பிடுங்கினாள். ரவிக்கை தோளோடு கிழிந்தது, சேலை கீழே விழுந்தது. பேன்ட்டோடு நாலு எட்டு ஓடியிருப்பாள்.

"ஜெயா, இருடி!"

திரும்பினாள். ருக்குவின் முந்தானை வாசல் இரும்புக் கேட்டில் மாட்டியிருந்தது. ருக்கு அதைக் கிழியாமல் மெல்ல மெல்ல எடுத்துக்கொண்டிருந்தாள். யூனிபார்ம் சேலை ஆயிற்றே.

"இரு, கிழிஞ்சிடும்…"

ஜெயராணி ஓடி வந்தாள். ஒன்றும் பேசவில்லை. ருக்குவின் இடுப்பில் கைவிட்டு மடிப்பைப் பிடுங்கினாள். "அடியேய், என்னடி பண்ற!" என்று ருக்கு அலற, அவளை ஒரு சுற்றுச் சுற்றி மொத்தச் சேலையையும் உருவிக் கேட்டிலேயே விட்டுவிட்டு, மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென்று மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

மேட்டில் ஊரே நின்றது. ருக்கு ரவிக்கையும் உள்பாவாடையுமாக நின்றாள். ரெண்டு மூணு செல்போன்கள் அவள் பக்கம் உயர்ந்தன, சண்டாளப் பயல்கள்! ஒரு பெங்காலி அம்மாள்தான் தன் துப்பட்டாவை எடுத்து ருக்குவின் தோளில் போட்டார். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். கடல் பாட்டுக்குக் கிடந்தது.

ருக்கு திரும்பி ஜெயராணியின் கன்னத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள்.

6

மறுநாள் ஸ்ரீதர் ஜெயராணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ருக்குவைக் கூப்பிட்டார்.

"கம்பெனி மானமே போச்சும்மா. அந்தப் பொண்ணுக்கு மனசு சரியில்லன்னு நினைக்கிறேன். உனக்கு நடந்தது அவமானம். திங்கக்கிழமை எல்லார் முன்னாடியும் அதைச் சொல்லு. சொன்னா அவளை வேலைய விட்டு எடுத்துடறேன். இல்ல, அவ பண்ணது சரிதான்னு நீ சொன்னா… சொல்லுவியா என்ன?"

ஆக, ஜெயராணியின் வேலை இப்போது ருக்குவின் வாயில் இருக்கிறது.

7

முடிவு (அ): ருக்கு, "அவ என்னைக் காப்பாத்தினா" என்கிறாள். திங்கட்கிழமை பெண்கள் எல்லோரும் சுடிதாரில் வருகிறார்கள். ஸ்ரீதர் டையை அவிழ்க்கிறார். [எழுதும்போது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வராத அலையிலிருந்து எப்படிக் காப்பாற்றுவது?]

முடிவு (ஆ): ருக்கு புகார் சொல்கிறாள். ஜெயராணி கப்பலேறிக் கச்சாலுக்கே [எனக்கு மனசு வரவில்லை.]

முடிவு (இ): ஜெயராணி தானே சேலை கட்டி வந்து மன்னிப்புக் கேட்கிறாள். [தூ!]

8

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மூன்று முடிவுகளோடும் ருக்கு வீட்டுக்குப் போனேன். கதையில் அவள் பெயர் வருகிறதே, கேட்க வேண்டாமா? உள்ளே ஜெயராணி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். மன்னிப்புக் கேட்க வந்திருக்கிறாள். ராஜமாணிக்கம் வாசலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

நான் படித்தேன். கச்சால் பகுதியை நானாகக் கற்பனை செய்திருந்தேன்: ஜெயராணியின் அம்மா கருப்பாயி ஓடுகிறாள், வேலிக் கம்பியில் சேலை மாட்டுகிறது, மகள் கை நழுவுகிறது, அலை வந்துவிடுகிறது. படித்து முடித்ததும் ருக்கு வெடித்தாள்.

"எல்லாம் சரி சார். உத்தரவு போட்டப்ப அவரு என்னைய கேக்கல. கதை எழுதுறப்ப நீங்களும் கேக்கல, இப்ப வந்து படிச்சுக் காட்டுறீங்க. இவ? என் இடுப்புல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டாளா? அவுத்துடட்டுமா அக்கான்னு ஒரு வார்த்த! நானே அவுத்திருப்பேன்ல? கேளுங்க சார் அவள!"



"சார் எழுதியிருக்கிற மாதிரி இல்லக்கா," என்றாள் ஜெயராணி. "கம்பி எல்லாம் இல்ல. ரப்பர் மரத்து வேர்ல மாட்டிக்கிச்சு. நேரம் இருந்துச்சு. அம்மாகிட்ட கேட்டேன். அவுத்துப் போட்டுட்டு வாம்மான்னு கெஞ்சினேன். வேணாண்டி, எல்லாரும் பாக்குறாங்கன்னாங்க."

ஜெயராணி நிமிர்ந்து ருக்குவைப் பார்த்தாள்.

"யாருக்கா பாத்தா? எல்லாரும் ஓடிட்டிருந்தாங்க."

ராஜமாணிக்கம் வாசலை விட்டு வெளியே போய்விட்டார். ரப்பர் வேரையும் அந்தக் கெஞ்சலையும் நான் கற்பனைகூடச் செய்திருக்கவில்லை. ருக்கு எழுந்து ஜெயராணியிடம் போய்

[எழுதமாட்டேன்.]

9

நாளை திங்கட்கிழமை. ஸ்ரீதர் எல்லோரையும் நிற்கவைத்து ருக்குவைக் கேட்பார். முதல் மூன்று முடிவுகளையும் கிழித்துப் போட்டுவிட்டேன். நான்காவதாக ஒன்று எழுத உட்கார்ந்தால், ருக்குவுக்குச் சேலை கட்டிவிடுவதா சுடிதார் போட்டுவிடுவதா என்பதிலேயே பேனா நின்றுவிடுகிறது. அவளைக் கேட்காமல் நான் எதையும் உடுத்திவிட மாட்டேன். நீங்களும் வேண்டாம். வேண்டுமானால் அந்த ஆபீசுக்குள் வந்து, ஊழியர்களோடு ஊழியராக ஒரு ஓரத்தில் நில்லுங்கள். ருக்கு வாயைத் திறப்பதற்கு முன்னால் ஸ்ரீதர் உங்கள் பக்கம் திரும்பி, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்கக்கூடும். கேட்டால்