நிலவறை வாசலில் ஒரு கையுறை

ஏணியேறி வெளியே வந்தபோது சர்கிலானாவின் முதுகில் சட்டை ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வியர்வை என்றுதான் நினைத்தாள். தடவிப் பார்த்தால் சேறு. கூரையிலிருந்து சொட்டியிருக்கிறது. அண்ணன் வீட்டு நிலவறையில் எந்தக் கோடையிலும் சொட்டுச் சத்தம் கேட்டதில்லை. வெளியே கொசு பிடுங்கும் வெயிலடித்தாலும் உள்ளே பல் கிட்டிப்போகும். குடிக்கவும் சமைக்கவும் ஏரியில் அறுத்துக் கொண்டுவந்து இறக்கிய பனிப்பாளங்கள் அறுத்த முனை மழுங்காமல் அடுக்கியபடி நிற்கும். மண்ணே கல்லாக உறைந்து கிடக்கிற சீமை அது. அந்த மண்ணின் சூட்டை ஊர் ஊராகப் போய் அளப்பதுதான் யாகுட்ஸ்க் ஆய்வுக்கூடத்தில் அவளுக்கு வேலை. இன்று சுவரில் செருகிய வெப்பமானிக் கம்பியைத் துடைத்துத் துடைத்து மறுபடி செருகிப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் பூஜ்யத்துக்கு மேலேயே நின்றது. வேற்றூர் என்றால் குறித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பாள். இது கூடப்பிறந்தவன் வீடு.

யாரும் உள்ளே இறங்காதீர்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஓட்டமும் நடையுமாக அடுக்களைக்குப் போனாள். அண்ணி குன்னெய் அடுப்பில் அலாஜி அப்பம் சுட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் துலுஸ்தான் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான்.

“வாங்க டாக்டரம்மா! பூமிக்குக் காய்ச்சல் பாத்தாச்சா? ஊசியா, மாத்திரையா?”

“அண்ணா, நம்ம நிலவறை...”

“ஸ்ஸ்!” குன்னெய் கரண்டியை ஓங்கினாள். “தீக்கு இன்னும் படைக்கல. அது கேட்டுக்கிட்டே இருக்கும். எந்தக் கெட்டதா இருந்தாலும் மொதல் அப்பம் உள்ள போனப்புறம் சொல்லு.”

“அவசரம் அண்ணி.”

“போன வருசமும் அவசரம்னுதான் வாயத் தொறந்த. எரேல் வீட்டுக் கொட்டகை என்னாச்சு?”

என்ன ஆகும், சாய்ந்து விழுந்தது. கீழே மண் இளகியிருக்கிறது, மாட்டை வெளியே கட்டுங்கள் என்று இவள் எச்சரித்திருந்தாள். கொட்டகை விழுந்ததும் ஊரே இவளைக் கரிநாக்குக்காரி என்றது. படித்த படிப்புக்கு அதைச் சிரித்துத் தள்ளியிருக்க வேண்டும். தள்ள முடியவில்லை. தன் நாக்குதான் கொட்டகையைச் சாய்த்ததோ என்று அவளே சில நாள் பயந்திருக்கிறாள். ஒரு அப்பம் வேகிற நேரம்தானே, அதற்குள் என்ன வந்துவிடப் போகிறது? உட்கார்ந்தாள். அண்ணன் எழுந்து வெளியே போனதைப் பார்த்தாள். மாட்டுக்குப் புகைமூட்டம் போடப் போகிறான் என்று இருந்துவிட்டாள்.

அண்ணி முதல் அப்பத்தில் வெண்ணெய் தடவித் தீயில் போட்டு ஏதோ முணுமுணுத்தாள். தீ சடசடவென்று வாங்கிக்கொண்டது.

“இப்பச் சொல்லு. என்ன?”

“அண்ணன் வரட்டும். அவரும் கேக்கணும்.”

“உங்கண்ணனா? ஒனக்குச் சீவித் தரணும்னு ஒறஞ்ச மீன் எடுக்க நிலவறைக்குப் போயிருக்காரு. அதான் உசிராச்சே ஒனக்கு!”

சர்கிலானா எழுந்த வேகத்தில் முக்காலி உருண்டது.

நிலவறைக் கதவு திறந்து கிடந்தது. வாசலில் அண்ணனின் வலதுகைக் கையுறை. உள்ளே இறங்குகிறவர் வலது கையுறையை வாசலில் விட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், தெரியாமல் யாரும் கதவைப் பூட்டிவிடக்கூடாது என்பது அந்த வீட்டு வழக்கம். கையுறை கிடந்தால் ஆள் உள்ளே.

“அண்ணா!”

சொட்டு விழும் சத்தம் மட்டும் கேட்டது. பாவி, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

“கத்தாத.” கேலியில்லாத அண்ணன் குரலை அவள் இன்றுதான் கேட்கிறாள். “கத்துனா மேல இருந்து பொலபொலன்னு கொட்டுது. கூரையில பாதி விழுந்து ஏணிய மூடிருச்சு. பாளத்து மேல ஏறி நிக்கிறேன். அதுவும் வழுக்குது.”

அவள் குப்புறப் படுத்து, இடுப்புவரை இருட்டுக்குள் சரிந்து கையை நீட்டினாள். பின்னாலேயே ஓடிவந்த குன்னெய் அவள் கால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி,” என்றாள் சர்கிலானா, மூச்சுவிடுவது போல மெதுவாக. “மண்ணு உருகிருச்சு. நிலவறை மொத்தமும் உள்வாங்கப் போகுது.”

குன்னெய் இந்தத் தடவை ஸ்ஸ் என்று சொல்லவில்லை. அவள் பிடி மட்டும் இறுகியது. அடுக்களையிலிருந்து அப்பம் கருகும் வாசனை வந்தது.

கீழே எங்கோ எம்பும் சத்தம். பிறகு கையுறையில்லாத ஒரு வலதுகை, ஜில்லென்று, அவள் மணிக்கட்டைக் கவ்வியது. அவளும் கவ்விக்கொண்டாள். கல்லாக இருக்க வேண்டிய தரை அவள் நெஞ்சுக்கடியில் பிசைந்த மாவு போல மெல்ல, மெல்ல அமுங்கிக்கொண்டிருந்தது.