வைப்பதும் சேர்ப்பதும்

நெட்வொர்க் இணைப்புகளுக்கான கட்டளைகளை வடிவமைப்பது தங்கையின் வேலை. ஓர் இணைப்பின் வழியே எந்தெந்தக் கணினி முகவரிகள் பேசலாம் என்று வரையறுக்கும் கட்டளையை அவள்தான் எழுதினாள். மாற்ற வேண்டிய அமைப்பின் பெயர், சமக்குறி, பிறகு கமா போட்டுப் பிரித்த முகவரிகள். ஒரே வரி. பார்க்க லட்சணமாக இருந்தது.

அக்கா ஒரு மருத்துவமனையின் நெட்வொர்க் நிர்வாகி. தங்கையின் நிறுவனம் கொடுத்த மென்பொருளின் சோதனைப் பதிப்பை அங்கே போட்டிருந்தார்கள். பதிவுப் பிரிவுக்கு வந்த புதுக் கணினியின் முகவரியை அந்தக் கட்டளையில் கொடுத்து, அக்கா என்டரைத் தட்டினாள். புதுக் கணினி வேலை செய்தது. மற்றவை எல்லாம் ஊமையாகிவிட்டன. முன்பிருந்த முகவரிகளை அழித்துவிட்டுப் புதியதை மட்டும் வைத்திருந்தது கட்டளை. அக்கா எல்லாவற்றையும் மீட்பதற்குள் நோயாளிகளின் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. மேலதிகாரி எல்லார் முன்னாலும் அவளைத் திட்டினார்.

மாலையில் அக்கா நேரே தங்கை வீட்டுக்கு வந்தாள்.

"சமக்குறி போட்டா பழசு போயிடும்னு மேனுவல்ல எழுதியிருக்கேனே, அக்கா."

"எழுதியிருக்கேடி. வரிசையில நின்னவங்களுக்கு அந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டியிருக்கணுமோ?"

"ஒரு மதிப்பை மாத்தினா பழசு போகத்தானே செய்யும்?"

"ஒண்ணே ஒண்ணுன்னா சரி. இன்னொருத்தர் வந்திருக்கார், தட்டு வைன்னு சொன்னா, சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவங்க தட்டையெல்லாம் பிடுங்கிட்டா வைப்பே?"

"அது வேற, இது வேற."

அக்கா தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

மறுநாள் தங்கை, மேனுவலைக் காட்டாமல், சக ஊழியர்கள் இருவரிடம் ஒரு முகவரியைச் சேர்க்கச் சொன்னாள். இருவருமே பழையதை அழித்தார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய வடிவமைப்பைச் சரிபார்த்து ஒப்புதல் தந்தவர். அவளுக்குச் சுருக்கென்றது.

சமக்குறிக்கு முன்னால் கூட்டல் குறி இருந்தால் சேர்க்கட்டும், கழித்தல் இருந்தால் நீக்கட்டும் என்று கூட்டத்தில் சொன்னாள்.

குழுத் தலைவர் முகம் சுளித்தார். "அழகா இருந்த ஒரு வரியை மூணாக்கிட்டீங்களே?"

"அந்த அழகு எனக்கு மட்டும்தான் தெரிஞ்சது, சார்."

அவர் ஒத்துக்கொண்டார். ஆனால் அழிப்பதற்கு முன் கட்டளை 'நிச்சயமா?' என்று கேட்கட்டும் என்று அவள் சொன்னபோது மறுத்துவிட்டார். தானாக ஓடும் நிரல்களிடம் கேள்வி கேட்டால் பதில் சொல்ல யார் இருக்கிறார்கள்? அழிந்தவை எவை என்று திரையில் காட்டவாவது வேண்டும் என்று அவள் மல்லுக்கட்டி ஒப்புதல் வாங்கினாள்.

அக்காவுக்கு ஃபோன் செய்து மாற்றத்தைச் சொன்னாள்.

"அப்போ வெறும் சமக்குறி இன்னும் அழிக்குமா?"

"அழிக்கும். எதெல்லாம் போச்சுன்னு சொல்லிடும்."

"பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கே."

"ஆமா." தங்கை சற்றுத் தயங்கினாள். "அன்னைக்கு நான் மேனுவலைப் பத்திப் பேசியிருக்கக் கூடாதுக்கா."

"பேசியிருக்கக் கூடாதுதான்." அக்காவின் குரல் இளகியிருந்தது. "புதுசை அனுப்பு. முதல்ல சும்மா கிடக்கிற மெஷின்ல போட்டுப் பார்க்கிறேன். சூடு கண்ட பூனைடி நான்."