கணவாய்க்குப் போன பிழைச்செய்தி

பிஷ்கெக்கில் வெள்ள எச்சரிக்கை மென்பொருள் எழுதும் அந்தச் சின்ன அலுவலகத்தில் பெகிமாய்க்கு 'கவிதாயினி' என்று பட்டப்பெயர். வைத்தவர் தலைமை நிரலாளர் எசென். அந்தப் பெயரில் கூப்பிட்டால் அவள் திரும்பவே மாட்டாள்.

ஒரு கோப்பைத் திறக்க முடியாவிட்டால் மற்றவர்களின் நிரல் 'அனுமதி இல்லை' என்று முனகிவிட்டுப் படுத்துக்கொள்ளும். அவளுடையதோ எந்தக் கோப்பு, எதற்காகத் திறந்தது, எது தடுத்தது, இனி என்ன செய்யலாம் என்று ஆற அமரச் சொல்லும்.

"சி மொழியில நிரல் எழுதச் சொன்னா காவியம் பாடுறியேம்மா. கணவாய் நிலையத்துல தனியா காவல் கெடக்குற குபாத்துக்கு இதையெல்லாம் படிக்க ஏது நேரம்? வெட்டிரு" என்றார் எசென்.

"போன மாசம் உங்க ரெண்டு வார்த்தையை நம்பித்தானேண்ணே மலையேறினீங்க?"

அன்று எசெனின் திரையில் வந்தது 'அனுமதி இல்லை'. பனியில் ஜீப்பை உருட்டிப் போய்ப் பார்த்தால், நிலையத்துக் கணினியின் வட்டு நிரம்பிக் கிடந்தது. கணினி சரியான காரணத்தைத்தான் சொல்லியிருந்தது. அதைக் காட்டுவதற்குள் அவருடைய நிரல் வேறொரு கோப்பைத் திறக்கப் போய், அதிலும் தோற்று, முதல் காரணத்தின் மேல் இரண்டாவதை எழுதிவிட்டது. சி எழுதுகிறவர்கள் அடிக்கடி செய்கிற தப்பு அது. பெகிமாய் காரணத்தை முதலில் பத்திரப்படுத்திவிட்டுத்தான் மற்றதைத் தொடுவாள்.

"சரி, இருக்கட்டும். புரியலைன்னு குபாத் ஒரே ஒரு போன் போட்டாலும் மொத்தத்தையும் தூக்கிருவேன்" என்றார் எசென்.

பனி உருகி ஆறு பெருகிய வாரத்தில், மதியச் சாப்பாட்டு வேளையில் கணவாய் நிலையத்தின் அளவீடு நின்றுபோனது. எல்லோரும் தொலைபேசியையே பார்த்தார்கள். எசென் ஜீப் சாவியை எடுத்தார். பெகிமாய் கையிலிருந்த சம்சா ஆறிப்போனது.

அவர் கோட்டை மாட்டி முடிப்பதற்குள் ஆற்றின் அளவு திரையில் மறுபடி ஓடத் தொடங்கியது. எசெனே குபாத்தை அழைத்து ஒலிபெருக்கியில் போட்டார்.

"என்னப்பா ஆச்சு?"

"ஒண்ணுமில்லண்ணே. கேமரா படமெல்லாம் வட்டை அடைச்சிருக்கு, பழசை அழின்னு திரையில வந்துச்சு. எங்க இருக்குன்னும் அதுவே சொல்லுச்சு. அழிச்சேன், ஓடுது. எதுக்குக் கூப்பிட்டீங்க?"

பெகிமாய்க்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

எசென் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, நாற்காலியை அவள் மேசைக்கு இழுத்துப் போட்டார்.

"என் ப்ரோகிராமையும் ஒரு கை பாத்துக் குடு, கவிதாயினி."

"சொல்லுங்கண்ணே" என்று திரும்பினாள்.